நிரை விட்டவன்

மஞ்சூர்
12.8.2000

அருமை அக்கா சசிரேகாவுக்கு,

இதனால் சகல லயத்து ஜனங்களுக்கும், திருப்பூர் பனியன் மாநகரில் வாசம் செய்யும் தங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: சுடலைமுத்து – வீரம்மா தம்பதியின் ஒரே ஆண் வாரிசாகிய சிவகுருவுக்கு, வயது பதினைந்து, மீசை முளைத்துவிட்டது. இடது பக்கம் ஏழு, வலது பக்கம் நாலு. மொத்தம் பதினொரு பேர் கொண்ட அணி. அம்மா "அது அடுப்புக் கரிடா" என்கிறாள். எல்லாம் பொறாமை.

அம்மாவுக்கு முட்டி வலி இன்னும் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. அப்பா சுகம். உனக்கு இருமல் விட்டதா?

நீ போனபின் நடந்த ஒரே விசேஷம், ஃபேக்டரியில் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். எஸ்டேட்டுக்கே சங்கு ஊதியாகிவிட்டது, தனியாக வேறு எதற்கு? தேயிலைக்கு விலை இல்லையாம். பேரிலேயே தேய்கிறது, எப்படி ஏறும்? கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுத் துரை ஜீப்பில் போனதோடு சரி. லயத்து வரிசை வீடுகளில் பாதிக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. மீதிப் பன்னிரண்டு வீட்டிலும் ரேஷன் அரிசி, காட்டுக் கீரை. மறுநாள் மாறுதலுக்காகக் காட்டுக் கீரை, ரேஷன் அரிசி.

பொழுது போகாமல் அணைக்கரையில் உட்கார்ந்து ஏழாம் நம்பர் மலையைப் பார்க்கிறேன். அணை கட்டியபோது தண்ணீர் சூழ்ந்து தீவாகிப்போன நம் எஸ்டேட் மலைதான். கவாத்து வெட்ட ஆள் இல்லாமல் அதில் தேயிலையெல்லாம் மரமாகிவிட்டது. அதற்கு மேலே சோலைக்காடு. கருமந்தி, மலை அணில், கடமான், காட்டுப்பன்றி எல்லாம் அங்கே பெர்மனெண்ட் லேபர். நாம்தான் டெம்பரவரி.

இருளப்பன் மச்சான் தினமும் வந்து, "கடுதாசி வந்துச்சா சிவா?" என்கிறார். தை மாதம் கட்டிக்கொள்ளப் போகிறவர் நேராக உனக்கே எழுதலாமே என்றேன். காது சிவந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து வாடினால்கூட அந்த நிறம் வராது.

பதினொரு மீசைகளின் சார்பில்,
சிவகுரு


திருப்பூர்
27.8.2000

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இருமல் போய்விட்டது, பஞ்சுத் தூசிதான் போகவில்லை. இங்கே செக்கிங் டேபிளில் பக்கத்து இடம் ஜெஸிந்தாவுக்கு, நம் லயத்துச் சில்வஸ்டரின் தங்கச்சி. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க, சிரிக்கறதுக்கா சம்பளம்?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தோம்.

மீசை இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எத்தனை வாங்குகிறாய் என்பதுதான் எனக்கு வேண்டிய கணக்கு. கீரை மட்டும் தின்றால் அப்பாவுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. பார்த்துக்கொள்.

கேட்டவரிடம், கடிதம் வந்தது, சுகமாக இருக்கிறாள் என்று சொல். வேறு எதையும் நீயாகச் சேர்க்காதே.

அக்கா சசி


மஞ்சூர்
20.9.2000

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இந்தத் தடவை வயிறும் சுகம். ஏன் என்று கேள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பெட்டைக் கடமான் இக்கரைப் புதரிலிருந்து பாய்ந்து அணைக்குள் விழுந்து, தீவைப் பார்த்து நீந்தியது. பின்னாலேயே செந்நாய்கள், ஒன்பது. அவை நீந்தும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நானும் அப்பாவும் மச்சானும் மீன்காரர் பரிசலை எடுத்துக்கொண்டு பின்னால் போனோம்.

மான் தீவின் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஒரு நாய் அதன் மூக்கைக் கவ்வித் தொங்கியது. மற்றவை பின்னால். அக்கா, அது விழவே இல்லை. நின்றுகொண்டிருக்கும்போதே தின்றன. குடல் தண்ணீரில் கயிறு மாதிரி மிதந்தது. வயிற்றுக்குள் குட்டி இருந்தது. அதைத்தான் முதலில் இழுத்துக்கொண்டு போயின. மான் திரும்பிப் பார்த்தது.

நான் ஒரே சத்தம்! துடுப்பால் தண்ணீரை அடித்தேன், நாய்கள் சிதறி ஓடின. (மச்சானும் தகரம் தட்டினார். சும்மா ஒத்தாசைக்கு.) அப்பா இறங்கிப் போய்க் கவாத்துக் கத்தியால் மான் கழுத்தில் ஒரே வெட்டு. "போதும் தாயி" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார்.

நாங்கள் கறியை ஏற்றும்வரை ஒன்பதும் கரையில் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டே இருந்தன. அவர்கள் காலைப் பிரட்டில் பேர் கொடுத்து வாங்கிய வேலையை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம் அல்லவா!

அன்று பன்னிரண்டு அடுப்பிலும் புகை. சுப்பண்ணன் கங்காணி எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "அந்தத் தீவுல பன்னி இருக்குடா. மானாவது, மயிராவது" என்றார். எல்லோரும் தீவைப் பார்த்தோம்.

இந்தக் கடிதத்தை யார் கண்ணிலும் காட்டாதே. ஃபாரஸ்ட் கார்டு கேட்டால் நாங்கள் சாப்பிட்டது மலைக் கத்தரிக்காய்.

நாய் விரட்டிய வீரன்,
சிவகுரு


திருப்பூர்
2.11.2000

தம்பிக்கு,

தீபாவளிக்கு வந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பினேன். அம்மா முட்டிக்குத் தைலம் வாங்கி ஜெஸிந்தாவின் அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

நேரில் சொன்னதையே திரும்ப எழுதுகிறேன். தீவுக்குப் போகாதே. மான் நின்று சாகும், பன்றி அப்படி அல்ல. அப்பாவிடம் சொன்னேன், சிரிக்கிறார். பஸ் ஏற்றிவிட வந்தவரிடமும் சொன்னேன். "அப்படியே போனாலும் சிவா மேல ஒரு கண்ணு வச்சுக்குறேன்" என்றார். உன் மேல் இரண்டு கண் வைத்தாலும் போதாது என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்கா


மஞ்சூர்
15.11.2000

அக்கா,

எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் காலில் ஒரு கீறல். முதலில் என் வீரத்தைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் தீவுக்குப் போனோம். சுப்பண்ணன் கங்காணிக்குக் கொழுந்து எடுக்க ஆளை நிறுத்தித்தானே பழக்கம்? "ஆளுக்கொரு நெரை புடிங்க. கீழேருந்து மேல போவணும். சத்தத்த நிறுத்தாதீங்க. எவனும் நெரை விடக் கூடாது" என்றார். பழைய தேயிலை வரிசைகள் இன்னும் இருக்கின்றன, செடிகள்தான் இரண்டு ஆள் உயரம். பக்கத்து நிரையில் நிற்பவன் முகம் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இருளப்பன் சொன்னார்: "அண்ணே, மேலேருந்து கீழ வெரட்டுவோம். தண்ணிக்குள்ள போயி விழட்டும். மேல வெரட்டுனா, போக வழியில்லாம நம்ம மேலதான திரும்பும்?"

"எந்த ஊர்லடா மலைய மேலேருந்து எடுப்பாங்க?" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தோம். எங்கள் அம்மாக்கள் முப்பது வருஷமாகக் கீழிருந்துதானே கொழுந்து எடுக்கிறார்கள்.

கடைசி மூன்று நிரை எங்கள் மூவருக்கு. அப்பாவிடம் ஈட்டிக் கம்பு, என்னிடம் கவாத்துக் கத்தி, இருளப்பனிடம் தகரம். ஏறினோம். உச்சியில் சோலைக்குள் பன்றி உறுமியது. போக வழியில்லை, திரும்பியது. அப்போது தகரச் சத்தம் நின்றுவிட்டது. ஆமாம் அக்கா, இருளப்பன் நிரையை விட்டுவிட்டார். அந்த ஓட்டை வழியாக இறங்கிப் பக்கவாட்டில் அப்பா மேல் பாய்ந்தது. கோரைப்பல்லைத் தொடையில் கொடுத்துக் கிழங்கு கிளறுவது மாதிரி மேலே கிழித்தது. கம்பு ரெண்டாக முறிந்தது. அப்பாவைத் தூக்கிப் போட்டு மறுபடி குத்தியது. தேயிலை இலையெல்லாம் ரத்தம்.

நான் பாய்ந்தேன். பன்றி என்னை நேருக்கு நேர் பார்த்தது. கொள்ளிக்கட்டை மாதிரி ரெண்டு கண், வாயில் நுரை, நுரையில் அப்பாவின் ரத்தம். ஒரு முழ தூரம். காது ஓரமாகக் கத்தியை இறக்கினேன், பிடி வரைக்கும். ஆட்கள் ஓடி வந்து பார்த்தபோது பன்றி கழுத்தில் இருந்தது என் கத்தி. பிடியில் என் பெயர் செதுக்கியிருக்கிறது, எல்லோரும் வாசித்தார்கள். இருளப்பன் தன் நிரையில் இல்லாமல் அப்பா பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

பாதிப் பேர் அப்பாவைத் தூக்கினார்கள், பாதிப் பேர் பன்றியைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் பாறையில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறோம்.

பன்றி கொன்றான் (புதுப் பட்டம்),
சிவகுரு


திருப்பூர்
24.11.2000

சிவா,

கீறல் என்றால் எவ்வளவு? எத்தனை தையல்? வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள்? இது எதுவும் நீ எழுதவில்லை. பன்றியின் கண்ணைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய்.

அவர் நிரை விட்டார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கண்ணால் பார்த்தாயா?

சசி


மஞ்சூர்
3.12.2000

மகளே சசி, அம்மா சொல்லித் தம்பி எழுதுறது. நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்புடு. நாங்க இருக்கோம்.

ஒங்க அப்பா முடிவாச் சொல்லிட்டாரு. நெரை விட்டவனுக்குப் பொண்ணு இல்லே. எனக்கும் அதான். நான் காய்ச்சலோட நின்னப்பவும் நெரை விட்டதில்ல. அந்தப் பையன் மேல நான் உசுரையே வச்சிருந்தேன், இப்பிடிப் பண்ணிட்டானே.

போன வாரம் பைப்படியில தண்ணி புடிக்க வந்தவனச் சில்வஸ்டரும் நாலு பேரும் போட்டு அடிச்சுட்டாங்க. கொடத்தாலயே வாயில இடிச்சாங்க. பல்லு ரெண்டு போச்சு. கீழ போட்டு மிதிச்சாங்க. அவன் கையத் தூக்கவே இல்ல. அவங்கம்மா ஓடி வந்து மேல விழுந்த பிறகுதான் விட்டாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. ஒங்கப்பா கெடக்குற கெடையப் பாத்தா பாவம் வரமாட்டேங்குது.

(இங்கே அம்மா அப்பாவின் காலைப் பற்றி நிறையச் சொன்னாள். இன்லண்டில் இடம் இல்லாததால் எழுதவில்லை. அப்பா உன் கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், அவ்வளவுதான். பைப்படியில் நானும் ஒரு கல் எறிந்தேன். நெற்றியில் சரியாகப் பட்டது. – சி.)

ஒடம்பப் பாத்துக்க சாமி.

அம்மா வீரம்மா, கைநாட்டு


திருப்பூர்
16.12.2000

சிவகுரு,

ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று எழுதினாய். நானும் சிரித்தேன். நேற்று ஜெஸிந்தா லீவு முடிந்து வந்து, அப்பாவின் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். சீழ் பிடித்ததாம், எடுத்து மூன்று வாரமாம். லயத்துக்கே தெரியும், எனக்கு மட்டும் கீறல்.

உடனே வர லீவு கேட்டேன். போனால் திரும்ப வராதே என்கிறார்கள். இந்த வேலையும் போனால் அப்பாவுக்கு மருந்து இல்லை. பொங்கலுக்குத்தான் வர முடியும்.

இருளப்பனுக்கு எழுதிவிட்டேன். ஒரே வரி: எங்கள் அப்பாவின் கால் எங்கே போனதோ, என் வாக்கும் அங்கேயே போயிற்று. எழுதிவிட்டு டேபிளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அன்று நூறு பனியன் கறையோடு பாஸ் ஆகிப் போயிற்று.

அப்பாவுக்குச் சூடாகக் கஞ்சி கொடு.

சசிரேகா


மஞ்சூர்
28.12.2000

சசிரேகாவுக்கு இருளப்பன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். மாமா இப்போது சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறார். நான் கிட்டே போக முடியாது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நான் நிரை விட்டது உண்மை. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இங்கே யாரும் என்னை வேலைக்குச் சேர்ப்பதில்லை. கூடலூர்ப் பக்கம் மிளகு பறிக்க ஆள் எடுக்கிறார்கள், பொங்கலுக்கு முன்னால் போகிறேன். திரும்பும் எண்ணம் இல்லை.

சிவாவைத் துருவிக் கேட்காதே. பரீட்சை வருகிறது. காலை எடுத்த அன்று மாமா, "எம் மவன் குத்துன பன்னி" என்று நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனார். அது அவருக்கு இருக்கட்டும்.

இருளப்பன்


திருப்பூர்
3.1.2001

சிவா,

அவர் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நிரை விட்டேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எதற்காக விட்டார் என்று மட்டும் எழுதவில்லை. பயந்து ஓடுகிறவன் கீழே தண்ணீரைப் பார்த்து ஓடுவான். அவர் எப்படி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்?

அப்பாவின் நிரைக்கும் அவர் நிரைக்கும் நடுவில் யார் நிரை?

சசி


மஞ்சூர்
9.1.2001

அக்கா,

என் நிரை.

நீ பொங்கலுக்கு வருவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். நேரில் சொன்னால் நடுவில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன்.

உச்சியில் ஒரு கிளை முறிந்தது. அவ்வளவுதான். பன்றி உறுமக்கூட இல்லை. நான் மரத்தில் ஏறிவிட்டேன், தேயிலை மரத்தில். உலகத்திலேயே தேயிலையில் ஏறி ஒளிந்த முதல் எஸ்டேட்காரன் நான்தான். ஏறும்போது கத்தி விழுந்துவிட்டது. கால்சட்டை நனைந்துவிட்டது. சத்தம் போட்டால் பன்றி மரத்தடிக்கு வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு நிரையில் என் நிரை மட்டும் ஊமை. பன்றிக்கு அதுதான் வழியாகத் தெரிந்திருக்கிறது.

என் சத்தம் நின்றதும் மச்சான், "சிவா! டேய் சிவா!" என்று கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. தகரத்தைப் போட்டுவிட்டு என்னைத் தேடி என் நிரைக்குள் வந்தார். அவர் நிரை விட்டது அதற்குத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதே நேரம் அப்பா அலறினார். மச்சான் கீழே கிடந்த என் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எல்லாம் முடிந்து இறங்கிப் போனேன். கங்காணி, "எவன்டா நெரை விட்டது?" என்று கத்தினார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் நான், "இருளப்பன்" என்றேன். அப்பா ரத்தத்தில் கிடந்தபடியே கத்தியின் பிடியைப் பார்த்து, "எம் மவன் கத்தி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மச்சான் வாயே திறக்கவில்லை. பைப்படியில் என் கல் பட்டபோதுகூட.

நேற்றுக் காலை அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்தேன். அடிக்கவில்லை.

"ஒன்னத் தேடித்தான் வந்தானா?"

"ஆமாப்பா."

"பைப்படியில நீ எங்க நின்ன?"

கல்லைப் பற்றியும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் ஆடியது. பிறகு அம்மாவிடம், "என்னத் தூக்கி வுடு. அந்த வூட்டுக்குப் போவணும்" என்றார்.

லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபத்திநாலு காம்பரா. கட்டையை ஊன்றிக்கொண்டு மூன்று இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தார். என்னைத் தொட விடவில்லை. எல்லா வாசலிலும் ஆட்கள். போய்ச் சேர்ந்தால் மச்சான் இல்லை. முந்தின நாளே கூடலூர் பஸ் ஏறிவிட்டார். அப்பா வாசலில் அப்படியே உட்கார்ந்து, "எம் மவன்தான் தாயி நெரை விட்டது. எல்லாருங் கேட்டுக்கங்க" என்றார். மச்சானின் அம்மா என்னை அறைந்தாள். இடது காதில் இன்னும் விசில் அடிக்கிறது. அப்பா தடுக்கவில்லை. பிறகு அந்தம்மாவே உள்ளே போய்க் கூடலூர் விலாசத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்து, "இத ஒங்கக்காளுக்கு அனுப்பு. அவ எழுதுனாத்தான் வருவான்" என்றாள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நானும் அவருக்கு ஒன்று எழுதினேன், நாலு தடவை கிழித்துவிட்டு.

உனக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் லயத்துக்கும் சொன்னதில் இன்னும் ஒன்று பாக்கி. கொள்ளிக்கட்டைக் கண், நுரை, ஒரு முழ தூரம் என்றெல்லாம் எழுதினேன் அல்லவா? மச்சான் கத்தியோடு ஓடியதும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எல்லாச் சத்தமும் அடங்கும்வரை திறக்கவே இல்லை. உயிரோடு இருந்த அந்தப் பன்றியை நான் பார்க்கவே இல்லை அக்கா.

தம்பி